பிடித்த பிரேக் விடாவிட்டால்...

சங்க அன்பர்களில் பலர் இன்று சொந்தக் கார் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் பல, நம்முடையதைப் போலக் கைமாறி வந்த சிறிய வண்டிகளே. பிரேக் பிடிக்காமற்போனால் என்ன நேரும் என்பதை அனைவரும் அறிவர். பிடித்த பிரேக் விடாமற்போனால் என்ன நேரும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் எண்ணிப் பார்த்தவரல்லோம். 2019-ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், கண்டாலா மலையுச்சியில் அதைக் கற்றுக்கொண்டோம்.

அவ்வாண்டு ஆடியில் ரயில்வே பாஸில் குடும்பத்துடன் ஊருக்குப் போயிருந்தோம். கல்யாணில் நமது குவார்ட்டர்ஸ் வாசலில், ஹேண்ட் பிரேக் இழுத்துப் போட்டபடியே கார் இருபது நாள் மழையில் நின்றது. திரும்பிய வாரமே புனேயில் தங்கைக்கு வளைகாப்பு. வண்டியை எடுத்தபோது பின்புறம் 'டக்'கென ஓர் ஓசை கேட்டது, பிறகு நகர்ந்துவிட்டது. மலையேறுகையில் இழுவை குறைந்தது. ஐந்து பேர் பாரம் என்று சமாதானம் செய்துகொண்டோம். பெட்ரோல் வழக்கத்தைவிட அதிகம் செலவானதைக் கண்டும் வாளாவிருந்தோம்.

மறுநாள் திரும்பும் வழியில், லோனாவ்லாவைத் தாண்டியதும் பின்னாசனத்திலிருந்த அம்மா, "ஏம்ப்பா, ஏதோ கருகுற வாடை அடிக்குதே, வண்டியை நிறுத்து" என்றார். முன்னே போகும் லாரியின் வாடை என்றோம். அவர் விடவில்லை. கண்டாலாவில் ஒரு தேநீர்க் கடையருகே நிறுத்துவதற்காகப் பெடலை மிதித்தபோது அது வழக்கத்தினும் ஆழமாக இறங்கிற்று. இறங்கிப் பார்த்தால், பின் சக்கரங்கள் இரண்டின் அருகிலும் கை கொண்டுபோக இயலாத சூடு! அங்கிருந்து கோப்போலி வரை ஒரே இறக்கம். அம்மாவின் மூக்கு நம்மைக் காத்தது என்பதில் ஐயமில்லை.

பையன் தண்ணீர்ப் புட்டியுடன் ஓடினான். "தம்பி, ஊத்தாதே! டிரம் விட்டுப் போயிடும்" என்று தமிழில் ஒரு குரல் கேட்டது. நாமக்கல் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் தேநீர்க் குவளையுடன் நின்றிருந்தார். சூடேறிய வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் காணலாம், கோணலாகலாம்; தானாகவே ஆற விடவேண்டும் என்றார். ஹேண்ட் பிரேக்கை இழுக்காமல், சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுக்கச் சொன்னார்.

சிறிய கார்கள் பலவற்றில் பின் சக்கர பிரேக் டிரம் வகையைச் சேர்ந்தது. டிரம்முக்குள் பிறை வடிவான இரண்டு ஷூக்கள் உள்ளன. பெடலை மிதித்தால், பிரேக் ஆயிலின் அழுத்தத்தால் வீல் சிலிண்டர் அவற்றை வெளிப்புறமாகத் தள்ளுகிறது. காலை எடுத்ததும் சுருள்வில்கள் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. ஹேண்ட் பிரேக்கோ ஒரு கேபிள் மூலம் அதே ஷூக்களை விரிக்கிறது. கேபிள் தன் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாவிட்டால், ஷூக்கள் டிரம்மை உரசிக்கொண்டே இருக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலையும் எட்டும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கலாகாது என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. ஈரமேறிய ஆயிலுக்கு அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழிகள் தோன்றும். குமிழி நசுங்குமேயன்றி அழுத்தத்தைக் கடத்தாது. பெடல் ஆழமாக இறங்கியதன் காரணம் இதுவே.

ஒரு மணி நேரத்திற்குப்பின் அவர் சோதித்த முறையை அன்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். முன் சக்கரங்களுக்கு அண்டை கொடுத்து, பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுழற்றவேண்டும். இறுகியிருந்தால் ஹேண்ட் பிரேக் கேபிளைத் தளர்த்திப் பார்க்கவேண்டும். சக்கரம் விட்டால் குற்றம் கேபிளில். விடாவிட்டால், பிரேக் ஆயிலில் காற்றெடுக்கும் நிப்பிளைச் சற்றே திறக்கவேண்டும். ஆயில் பீறிட்டுச் சக்கரம் விட்டால், உட்புறம் ஊதிப்போன ரப்பர் ஹோஸோ மாஸ்டர் சிலிண்டரோ அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கும் விடாவிட்டால், தளர்ந்த சுருள்வில், துருவேறிய வீல் சிலிண்டர், அளவுக்கு மீறி இறுக்கிய ஷூ என, பழுது டிரம்முக்குள்ளே உள்ளது. கடைசி இரண்டும் மெக்கானிக்கின் வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் நுழைதலும், டிரம்மிலுள்ள தூசியை வாயால் ஊதுதலும் கூடா. அத்தூசி நுரையீரலுக்குப் பகை.

நமது வண்டியில் கேபிளைத் தளர்த்தி, துருப்பிடித்த கம்பியைக் கையால் அசைத்ததும் சக்கரங்கள் விட்டன. "இருந்தாலும் இப்படியே இறங்கிடாதீங்க சார். புள்ளைங்க இருக்காங்க" என்றார் அவர். கொடுத்த பணத்தை வாங்கவில்லை. மெதுவாக லோனாவ்லாவுக்கே திரும்பி, அம்மாவையும் மனைவி மக்களையும் ரயிலேற்றிவிட்டு, நாம் பட்டறையில் தங்கினோம். கேபிள், லைனிங், பிரேக் ஆயில் மூன்றும் புதிதாயின.

இதனால் அறிந்தவை சில. மழைக்காலத்தில் நெடுநாள் நிறுத்துவதானால், சமதரையில் கியரில் விட்டுச் சக்கரத்திற்கு அண்டை கொடுத்தல் போதும். ஹேண்ட் பிரேக் வேண்டாம். இரண்டாண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுதல் நலம். நீண்ட பிரயாணத்தில் வண்டி நிற்கும்போதெல்லாம் நான்கு சக்கரங்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவேண்டும். ஒன்று மட்டும் மிகச் சுட்டால், அங்கேயே நிற்கவேண்டும்.

அன்று மாலை லோனாவ்லா பிளாட்பாரத்தில் நமக்கு வந்த வெட்கத்தை மறைப்பானேன்? 1863-இல் திறக்கப்பட்ட அந்த மலைப்பாதை, செங்குத்தான இடத்தில் 37 அடிக்கு ஓரடி வீதம் இறங்குகிறது. பிரேக்கைச் சோதிக்காமல் எந்த ரயிலையும் அங்கே கீழே விடுவதில்லை. கட்டுமீறி ஓடும் வண்டியை ஏற்றிப் பிடிக்கத் தனித் தண்டவாளமும் உண்டு. அந்த ரயில்வேயில் சம்பளம் வாங்கும் நாம், பெற்ற தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிய வண்டியின் சக்கரத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது தொடுகிறோம். அம்மாவும் ஒவ்வொரு நிறுத்தத்திலும், "சக்கரத்தைப் பாத்தியாப்பா?" என்று கேட்க மறப்பதில்லை.