பகல் திரும்பும் நாள் எது? மார்கழியில் நாற்று விடலாமா?

தேசூரிலிருந்து வாசகர் ஒருவர் நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். ஏரிப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர், வீட்டில் ஒரு பட்டுத்தறி. நவரைக்கு நாற்று விட வேண்டும். அப்பா, 'மார்கழியில் விதை போடாதே, தை பிறந்து உத்தராயணம் வரட்டும்' என்கிறாராம். எட்டாவது படிக்கும் மகளோ, டிசம்பர் 22 வாக்கிலேயே சூரியன் வடக்கே திரும்பிவிடும் என்கிறாளாம். தறியில் உட்காரும் மனைவி இரண்டு பேர் கணக்கையும் ஒப்பவில்லை. மார்கழி பிறந்தபோதே சாயங்கால வெளிச்சம் கூடிவிட்டது, ஜரிகை இழை கூடக் கொஞ்ச நேரம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது அவர் வாதம். யார் சொல்வது சரி, நாற்று எப்போது விடுவது என்பது கேள்வி.

முதலில் தறிக்காரர். அவர் கண் பொய் சொல்லவில்லை. நம் பகுதியில் சூரியன் சீக்கிரமாக மறைவது நவம்பர் பிற்பாதியில்தான். அதன் பிறகு மாலை மெல்ல நீள்கிறது. மார்கழி முதல் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் இடையில் அஸ்தமனம் ஏறக்குறைய கால் மணி நேரம் தள்ளிப்போகிறது. ஆனால் உதயமும் பத்து நிமிடம் போலத் தள்ளிப்போகிறது. அதனால் மாலையில் கிடைத்ததில் பெரும்பகுதியைக் காலை பிடுங்கிக்கொள்கிறது. இந்த நாட்களில் உச்சிப்பொழுதே தினமும் ஏறத்தாழ அரை நிமிடம் பின்னால் நகர்வதுதான் காரணம். சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது ஜனவரி கடைசி வாரத்தில். தை பிறந்தும் விடியக் காணோமே என்று மாட்டுக் கொட்டகையில் நின்று நாம் சலித்துக்கொள்வது இதனால்தான்.

மகள் சொல்வதும் சரி. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவில் உள்ள மொத்த நேரத்தைப் பார்த்தால், ஆண்டிலேயே குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. தேசூர்ப் பக்கம் அன்று பகல் சுமார் 11 மணி 22 நிமிடம். ஜூன் மாதத்து நீண்ட பகல் இதைவிட ஒன்றரை மணி நேரம் அதிகம். மத்திய அரசு 1957 மார்ச் 22-ல் நடைமுறைப்படுத்திய தேசிய நாட்காட்டியில் பௌஷ மாதம் பிறப்பதும் டிசம்பர் 22-ல்தான். விஞ்ஞானி மேகநாத சாகா தலைமையிலான குழு சூரியனின் இந்தத் திருப்பத்தை வைத்தே அப்படி வகுத்தது. அந்த நாட்காட்டி நம் ஊர்ச் சுவர்களில் தொங்கவில்லை என்பது வேறு விஷயம்.

அப்பாவின் கணக்கு தப்பா? பழைய கணக்கு, அவ்வளவுதான். சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன்னால் சூரியன் மகர ராசிக்குள் நுழைவதும் வடக்கே திரும்புவதும் ஒரே சமயத்தில் நடந்தன. பூமியின் அச்சு, வேகம் குறைந்த பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டிக்கொண்டே சுற்றுகிறது. ஒரு முழுத் தலையாட்டலுக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டு. இதனால் நட்சத்திரங்களை வைத்து எண்ணும் நம் மாதப் பிறப்பு, பருவத்தைவிட்டுச் சுமார் 70 ஆண்டுக்கு ஒரு நாள் வீதம் விலகி, இன்று 24 நாள் இடைவெளி ஆகியிருக்கிறது. பாட்டன் காலத்துப் பட்டத்துக்கும் நம் பட்டத்துக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம் என்பதால் ஆடிப்பட்டம், தைப்பட்டம் எதுவும் கெட்டுவிடவில்லை.

பஞ்சாங்கம் கணித்தவர்களைக் குறைத்து எடைபோட வேண்டாம். மார்கழிக்குப் பெரும்பாலும் 29 நாள், ஆனிக்கு 31 அல்லது 32 ஏன் என்று யோசித்ததுண்டா? ஜனவரி முதல் வாரத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் வருகிறது. அப்போது வேகமாக ஓடுகிறது. ஒரு ராசியைச் சூரியன் சீக்கிரம் கடந்துவிடுவதால் மாதமும் சுருங்குகிறது. அருகில் இருந்தும் குளிரடிப்பது, வெயில் சாய்ந்து விழுவதாலும் பகல் குறைவதாலும்.

இனி நாற்று. மார்கழியில் விதைக்கக் கூடாது என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. குளிரில் முளைப்பு தாமதமாகும், நாற்று மஞ்சளித்து நிற்கும். ஆனால் அதற்காகத் தை பாதி வரை காத்திருந்தால் வேறு இடத்தில் அடி விழும். 110 நாள் ரகத்தை டிசம்பர் 22-ல் விதைத்தால் மார்ச் முதல் பாதியில் பூக்கும், ஏப்ரல் முதல் பாதியில் அறுக்கலாம். ஜனவரி 29-ல் விதைத்தால் பூப்பது ஏப்ரல் நடுவில். பூக்கும்போது வெயில் 35 டிகிரிக்கு மேல் போனால் மணி பிடிக்காமல் பதர் கூடும். ஏரியில் அப்போது தண்ணீர் இருக்கும் என்று யார் உறுதி சொல்வது?

ஆகவே மார்கழியிலேயே விடுங்கள், குளிருக்குக் காபந்து செய்துகொண்டு. ஊறிய விதையைச் சாக்கில் மூட்டம் கட்டி, மேலே வைக்கோல் போட்டு வெதுவெதுப்பான தண்ணீர் தெளியுங்கள். முளை வர ஒரு நாள் கூடினால் பதற வேண்டாம். நாற்று எழுந்த பிறகு மாலையில் போர்த் தண்ணீர் கட்டி, காலையில் வடித்துவிடுங்கள். மார்கழி இரவில் நிலத்தடி நீர் காற்றைவிடச் சூடாக இருக்கும்.

கடிதத்தின் கடைசி வரிதான் எங்களைக் கவலைப்பட வைத்தது. கையில் இருப்பது உறவினர் கொடுத்த பழைய சம்பா விதை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறார். ஐயா, அதை இப்போது விதைக்காதீர்கள். நீண்டகாலச் சம்பா ரகங்களில் பல, பகல் குறுகுவதைப் பார்த்துக் கதிர் தள்ளுபவை. பகல் நீளும் பருவத்தில் விதைத்தால் ஒழுங்கில்லாமல் பூக்கும், அல்லது கதிரே வராமல் தோகையாக நிற்கும். மாட்டுக்குத்தான் ஆகும். அந்த விதையைக் காய வைத்துப் பத்திரப்படுத்தி, சம்பா பட்டத்தில் போடுங்கள். நவரைக்கு ஏ.டி.டீ-43, கோ-51 போன்ற குறுகியகால ரகங்கள் போதும். அவை பகல் நீளத்தைப் பார்த்து நிற்பதில்லை.

கர்ப்போட்டம் பற்றியும் கேட்டிருக்கிறார். மார்கழி பிற்பாதியில் சூரியன் பூராடத்தில் இருக்கும் இரண்டு வாரமும் மேகம் ஓடுவதைப் பார்த்து அடுத்த ஆண்டு மழையைக் கணிக்கும் வழக்கம் அது. நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள், ஆடி ஐப்பசியில் ஒத்துப் பாருங்கள். அதை மட்டும் நம்பி விதைச் செலவு செய்வதை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

மும்முனை மின்சாரம் ராத்திரியில் வந்து மோட்டார் போடப் போனால், கிழக்கே சிவப்பாக எழும் திருவாதிரை நட்சத்திரத்தை மகளுக்குக் காட்டுங்கள். 2019 கடைசியில் அது கண்ணுக்குத் தெரியும்படி மங்கி, வெடிக்கப்போகிறதோ என்று வானியலாளர்களே பேசினார்கள். அதிலிருந்து கிளம்பிய தூசு மறைத்ததுதான் பிறகு தெரிந்தது. அடுத்த சில மாதங்களில் பழைய வெளிச்சத்துக்குத் திரும்பிவிட்டது.