உங்களுக்குத் தெரியுமா? கை பழகும்போது மூளைக்குள் நடப்பவை

அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையின் எடை மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையிலுள்ள சுமார் 8,600 கோடி நரம்பு செல்களில் ஏறத்தாழ 6,900 கோடி அதற்குள்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. பிரேசில் விஞ்ஞானிகள் 2009-இல் வெளியிட்ட கணக்கு இது.

நினைவு போனாலும் கைப்பழக்கம் வளரும். அமெரிக்கரான ஹென்றி மொலைசன் 1953-இல் வலிப்பு நோய்க்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டார். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதி அகற்றப்பட்டதால், அதன்பின் நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து நட்சத்திரம் ஒன்றை வரையும்படி உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் சொன்னார். மூன்று நாளில் பிழைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. முந்தைய நாள் வரைந்ததே அவருக்குத் தெரியாது!

ஆக, கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடங்கள் உண்டு; அவற்றில் முக்கியமானது சிறுமூளை. அதன் நாயகன் பர்கின்ஜி செல். செக் நாட்டு விஞ்ஞானி பர்கின்ஜி 1837-இல் இதை விவரித்தார். இந்தச் செல் ஒன்றுக்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமான ‘இணை இழைகள்’ செய்தி கொண்டுவருகின்றன: கை எங்கே இருக்கிறது, கண் எங்கே திரும்புகிறது என்பன போன்றவை. ‘ஏறு இழை’ மட்டும் ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்று. அசைவு தவறிவிட்டது என்று எச்சரிப்பது அதன் முக்கிய வேலை எனக் கருதப்படுகிறது.

பழகப் பழக நரம்பு செல்களுக்கு இடையிலான இணைப்புகள் வலுப்பெறும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். ஆனால் சிறுமூளை இணைப்புகளைத் தளர்த்தியும் கற்கிறது. ஆய்வாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971-இல் இதைக் கோட்பாடாக எழுதினார். ஜப்பானின் மசாவோ இடோ 1982-இல் முயல்களில் சோதித்து, அப்படி ஒரு தளர்வு உண்மையிலேயே நிகழ்வதைக் காட்டினார்.

தளர்வது எப்படி? இங்கேதான் மூலக்கூறுகளின் அழகு. இணை இழை குளூட்டமேட் என்ற செய்தி வேதிப்பொருளை வெளியிடும் நேரத்தில் ஏறு இழையும் துடித்தால், பர்கின்ஜி செல்லுக்குள் கால்சியம் சட்டென்று உயர்கிறது. எம்குளுஆர்1 என்ற ஏற்பியும் சேர்ந்து தூண்ட, புரோட்டீன் கைனேஸ் சி என்ற நொதி வேலையில் இறங்குகிறது. செல்லின் சவ்வில் குளூட்டமேட்டை வாங்கிக்கொள்ளும் ‘ஆம்பா’ ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றின் வால்பகுதியில், குறிப்பிட்ட ஓர் இடத்தில், இந்த நொதி பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான்: ஏற்பியைச் சவ்வில் பிடித்துவைத்திருந்த புரதத்தின் பிடி நழுவ, ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்படுகிறது. அடுத்த முறை அதே செய்தி வரும்போது வாங்கிக்கொள்ள அங்கே ஏற்பிகள் குறைவு. பர்கின்ஜி செல்லோ பிற செல்களை அடக்கி வைப்பது. அதன் துடிப்பு தணிந்தால் அடுத்த நிலைச் செல்கள் விடுபடுகின்றன, அசைவு மாறுகிறது.

எம்குளுஆர்1 மரபணு நீக்கப்பட்ட எலிகள் தள்ளாடி நடந்தன (1994). பர்கின்ஜி செல்களுக்கு மட்டும் அந்த மரபணுவைத் திருப்பிக் கொடுத்தபோது நடை சீரானது (2000).

இத்தோடு கதை முடியவில்லை. இந்தத் தளர்வு நிகழாதபடி மாற்றப்பட்ட எலிகளும் நன்றாகவே கற்றன என்று 2011-இல் ஓர் ஆய்வு அறிவித்தது. இடோவின் கண்டுபிடிப்பு பொய்யாகிவிடவில்லை. ஆனால் ஒரே ஒரு வழியை நம்பி மூளை இல்லை என்று எடுத்துக்கொள்வதே சரி.

பெருமூளையும் சும்மா இருப்பதில்லை. உணவைக் கையால் எட்டி எடுக்கப் பழகிய எலிகளின் இயக்கப் புறணியில், ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு இழைகளில் புதிய முட்கள் முளைத்ததை 2009-இல் கண்டார்கள். இவ்வகை முட்களில்தான் இணைப்புகள் அமைகின்றன. 2015-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னும் துணிந்தார்கள். சுழலும் உருளையில் நடக்கப் பழகியபோது வளர்ந்த முட்களை மட்டும் நீல ஒளியால் சுருங்கச் செய்தார்கள். எலிகள் அப்போதுதான் கற்ற வித்தையை இழந்தன. கற்றது எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அரிது.

நீண்ட நாள் நிலைக்கும் பழக்கத்துக்குப் புதிய புரதங்கள் தேவை. அவற்றைத் தயாரிக்க செல்லுக்கு நேரம் வேண்டும். எலிகளின் கண்ணசைவுப் பயிற்சியில், ஒரே மூச்சில் கற்றது விரைவில் மங்கியது. அதே அளவு பயிற்சியை இடைவெளி விட்டுக் கொடுத்தபோது நிலைத்தது. சிறுமூளையில் புரத உற்பத்தியைத் தடுத்ததும் அந்த ஆதாயம் போய்விட்டது.

மனிதர்களிடமும் இடைவெளிக்குப் பலன் உண்டு. 1978-இல் வெளியான ஆய்வில், பிரிட்டன் அஞ்சல் ஊழியர்கள் தட்டச்சு பழகினார்கள். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு, நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணி நேரமே தேவைப்பட்டது. ஆனால் தங்கள் பயிற்சி முறையில் அதிருப்தி அதிகம் இருந்ததும் அந்த ஒரு மணி நேரக் குழுவினருக்கே, ஏனென்றால் நாட்கள் கூடுதலாயின. வீட்டில் பிள்ளைகள் வயலினோ தட்டச்சோ நீச்சலோ கற்றால், ஒரே நாளில் போட்டு வாட்டாதீர்கள். தினமும் கொஞ்சம் பழகவிடுங்கள்.