மைலோ டின்னில் கிடந்த 32 மாத்திரைகள்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியின் மேல் தட்டில் ஒரு பழைய மைலோ டின் இருந்தது. எட்டு மாதங்களாக நான் விழுங்காத மாத்திரைகளை அதில்தான் போட்டு வந்தேன். மாதத்துக்கு நான்கு. கிளினிக்கில் கேட்டால், "சாப்பிடுறேன் டாக்டர்" என்பேன். ஷா ஆலாமில் இருக்கும் மகள் தொலைபேசியில் கேட்டாலும் அதே பதில்தான்.

எனக்கு வயது 67. ஈப்போ, புந்தோங்கில் குடியிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். பொய் சொல்லக்கூடாது என்று எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவள். அப்படிப்பட்டவள் ஏன் இப்படிச் செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். என்னைப் போல் மாத்திரையை ஒளித்து வைத்திருக்கும் அக்கா தங்கைகள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கடந்த ஆண்டு ஒரு மழைக்காலைப் பொழுதில் பின்கட்டில் துணி காயப்போடப் போனேன். பாசியில் கால் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. கட்டுப் போட்ட மருத்துவர், "நின்ற இடத்தில் விழுந்ததற்கெல்லாம் எலும்பு முறியக்கூடாதே" என்று சொல்லி, எலும்பு அடர்த்தியை அளக்கும் படம் எடுக்க அனுப்பினார். இடுப்பு எலும்பின் அளவு மைனஸ் 2.9 என்று வந்தது. மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழும் இருந்தால் எலும்புத் தேய்வு நோய் என்பது உலகச் சுகாதார நிறுவனம் 1994-இல் வகுத்த கணக்கு. வாரம் ஒன்று வீதம் விழுங்க, அலெண்ட்ரோனேட் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே மடித்து வைத்திருந்த தாளை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் வாசித்தேன். உணவுக்குழாய்ப் புண், தாடை எலும்பு அழுகல், தொடை எலும்பு முறிவு. எலும்பு முறியாமல் இருக்கக் கொடுத்த மருந்தே எலும்பை முறிக்குமா? அன்று அந்தப் பெட்டி மைலோ டின்னுக்குள் போனது.

மருந்தடித்த கைகள்

என் பயத்துக்கு வேர் அந்தத் தாளில் மட்டும் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள் நான். அம்மா விடியுமுன் எழுந்து, பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, இரண்டு வாளிப் பாலையும் காண்டாவில் தூக்கிச் சுமந்தவர். 1980-களில் பால் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டபோது, வெட்டுக்காரர்களில் பலருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அம்மாவுக்குக் கிடைத்தது மருந்தடிக்கும் வேலை.

களைக்கொல்லி தெளிப்பதைத் தோட்டத்தில் 'மருந்தடிக்கிறது' என்றுதான் சொல்வோம். நோய்க்குக் கொடுப்பதற்கும் அதே சொல்தான். முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு, கையுறை இல்லாமல், முகத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அம்மா போவார். நகம் கறுத்து உதிர்ந்தது. மூக்கில் ரத்தம் வந்தது. கேட்டதற்கு, "ஒன்னும் செய்யாது, போய்க் குளி" என்று பதில் வந்தது. டின்னில் ஒட்டியிருந்த எச்சரிக்கை அம்மாவுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது.

தோட்டங்களில் அதிகம் தெளித்த களைக்கொல்லிகளில் ஒன்று பராகுவாட். மலேசிய அரசாங்கம் அதை 2002-இல் தடை செய்தது. 2006-இல் தடையைத் தளர்த்தியது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மீண்டும் முழுமையாகத் தடை செய்தது. இத்தனை ஆண்டுகள் 'ஒன்னும் செய்யாது' என்று கேட்டு வளர்ந்த ஒருத்திக்கு, வெள்ளைச் சட்டை போட்டவர் வந்து "பயப்படாதீங்க, ஒன்னும் செய்யாது" என்றால் நெஞ்சுக்குள் எப்படி இறங்கும்?

புலனத்தில் வந்தவை

போதாக்குறைக்குப் புலனம். என் சொந்தக்காரர்கள் குழுவில் மட்டும் ஒரே மாதத்தில் மூன்று தகவல்கள் வந்தன. இந்த மாத்திரை தாடையை அழுகச் செய்யும் என்றது ஒன்று. கேழ்வரகுக் கூழும் முருங்கைக் கீரையும் போதும், மாத்திரை தேவையில்லை என்றது இன்னொன்று. எங்கோ ஒருவருக்கு ஒரே மாதத்தில் எலும்பு இரும்பாகிவிட்டது, இந்தப் பொடியை வாங்குங்கள் என்றது மூன்றாவது. பொடியை நான் வாங்கவில்லை. ஆனால் முதல் இரண்டையும் நம்பினேன். நம்ப வேண்டும் என்று நினைத்தேன் என்பதுதான் சரி.

"எந்தக் கிழமை சாப்பிடுறீங்க?"

ஒன்பதாவது மாதம் மருந்து வாங்கப் போனபோது முகப்பில் புதிதாக ஒரு மருந்தாளுநர் இருந்தார். நம் பிள்ளைதான். என் பேத்தி வயதிருக்கும். அட்டையைப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டார்.

"ஆன்ட்டி, இந்த மாத்திரையை எப்போ சாப்பிடுறீங்க?"

"தினமும் காலையில, பசியாறினதுக்கு அப்புறம்."

அந்தப் பெண் ஒரு நொடி பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆன்ட்டி, இது வாரத்துக்கு ஒன்னுதானே? அதுவும் பசியாறுறதுக்கு முன்னாடி" என்றார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. என் பின்னால் வரிசையில் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவர் என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் உட்கார வைத்தார். திட்டவில்லை. "கோவிச்சுக்காதீங்க, எதுக்குப் பயமா இருக்கு? சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்றார். எட்டு மாதத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. நானும் யாரிடமும் வாய் திறந்து சொல்லாத பதில். வயிறு, தாடை, தொடை என்று மூன்றையும் அவர் ஒரு தாளில் எழுதினார்.

மூன்று பயங்கள், மூன்று பதில்கள்

வயிற்றிலிருந்து தொடங்கினார். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாக்கும். அதனால்தான் வெறும் வயிற்றில், ஒரு கிளாஸ் நிறைய வெறும் தண்ணீரில் விழுங்க வேண்டும். காப்பி, தேநீர், பால் எதுவும் கூடாது. பிறகு அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். 1996-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில், ஏற்கெனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களில் ஒரு பாதிக்கு இந்த மருந்தையும், மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையையும் கொடுத்தார்கள். வயிற்றுத் தொல்லை என்று சொன்னவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு! ஆனால் சுமார் மூன்று ஆண்டுகளில் முதுகெலும்பில் புதிய முறிவு வந்தவர்கள், வெற்று மாத்திரைக்காரர்களில் 100-க்கு 15 பேர், மருந்து சாப்பிட்டவர்களில் 8 பேர். இடுப்பு எலும்பு முறிவும் பாதியாகக் குறைந்திருந்தது.

அடுத்தது தாடை. 2003-இல் இந்தச் செய்தி முதலில் வெளிவந்தபோது பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் புற்றுநோய்க்காக இதே குடும்பத்து மருந்தை மிக அதிக அளவில் நரம்பு வழி ஏற்றிக்கொண்டவர்கள். எலும்புத் தேய்வுக்காகச் சாப்பிடுகிறவர்களில் ஓராண்டில் 10,000 பேரில் ஒருவர் முதல் 1,00,000 பேரில் ஒருவர் வரைதான் என்பது ஆய்வாளர்களின் கணக்கு. பல்லைப் பிடுங்கும்போதுதான் ஆபத்து கூடும். ஆகவே சொத்தைப் பல்லை முதலில் கவனித்துவிட்டு மருந்தைத் தொடங்குவது நல்லது. எனக்கு இரண்டு பல் ஆடிக்கொண்டிருந்தது. அதை இதுவரை யாரிடமும் சொல்லாதவளும் நான்தான்.

மூன்றாவது தொடை. "இந்தப் பயம் பொய் இல்லை ஆன்ட்டி" என்றார் அவர். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்கு நம்பிக்கை பிறந்தது. இந்த மருந்தை நீண்டகாலம் சாப்பிட்ட சிலருக்குத் தொடை எலும்பு வழக்கத்துக்கு மாறான இடத்தில் முறிவதை 2007-இலேயே எழுதி எச்சரித்தவர்களில் நம் அண்டை நாடான சிங்கப்பூரின் மருத்துவர்களும் உண்டு. 2020-இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியாவில் இந்த வகை மருந்து சாப்பிட்ட 1,96,129 பெண்களை ஆராய்ந்ததில், 277 பேருக்கு இந்த முறிவு வந்திருந்தது. ஆசியப் பெண்களுக்கு இது வெள்ளைக்காரப் பெண்களைவிட அதிகம். மூன்று ஆண்டுகள் மருந்து சாப்பிடும் 10,000 ஆசியப் பெண்களில் 8 பேருக்கு இந்தத் தொடை முறிவு வரலாம், ஆனால் 91 பேருக்கு இடுப்பு எலும்பு முறியாமல் தடுக்கப்படும் என்று அந்த ஆய்வு கணக்கிட்டது.

எட்டு ஒரு பக்கம். தொண்ணூற்றொன்று மறுபக்கம். அதோடு, முறிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடையிலோ கவட்டையிலோ பலருக்கு வலி தெரியும். வலித்தால் உடனே சொல்ல வேண்டும், படம் எடுத்துப் பார்ப்பார்கள். ஐந்து ஆண்டுகள் ஆனதும் மருத்துவர் மறுபடி சோதித்து, ஆபத்துக் குறைந்தவர்களுக்கு மருந்தைச் சில காலம் நிறுத்தி வைப்பார். நிறுத்தினால் இந்தத் தொடை முறிவின் அபாயமும் வேகமாகக் குறைகிறது.

தராசின் மறுதட்டு

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த 91 என்ற எண்ணையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த எண்ணுக்குள் என் அம்மாவின் முகம் தெரிந்தது.

அறுபதைத் தாண்டியதும் அம்மாவுக்குக் கூன் விழத் தொடங்கியது. "பால் சுமந்த முதுகு, வயசாச்சு" என்று எல்லாரும் சொன்னோம். உள்ளே முதுகெலும்புகள் ஒவ்வொன்றாக நசுங்கியிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறி மலிவு விலை வீட்டுக்கு வந்த பிறகு, 2009-இல், 74 வயதில், இரவில் கழிவறைக்கு எழுந்தவர் விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அதற்குப் பின் அவர் எழுந்து நடக்கவே இல்லை. படுக்கைப் புண், சளி, காய்ச்சல். ஐந்தாம் மாதம் போய்விட்டார். இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துவிடுகிறார் என்பதை நான் வெகு நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மருந்தின் பயத்தை மட்டும் தட்டில் வைத்து எட்டு மாதம் நிறுத்துக்கொண்டிருந்தேன். மருந்தில்லாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை அம்மாவின் படுக்கை அருகில் உட்கார்ந்து கண்ணால் பார்த்தவள் நான். இருந்தும் மறுதட்டில் அதை வைக்க மறந்துவிட்டேன். இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. மலேசியாவில் 2018-இல் 5,880-ஆக இருந்த இடுப்பு எலும்பு முறிவுகள், 2050-இல் 20,893-ஆக உயரும் என்று ஆசிய நாடுகளின் எலும்புத் தேய்வு நோய்ச் சங்கங்கள் சேர்ந்து கணக்கிட்டிருக்கின்றன.

அம்மாவின் பயமும் என் பயமும் ஒன்றல்ல என்பதும் அப்போதுதான் விளங்கியது. அம்மா கேட்டதற்கு உண்மையான பதில் சொல்ல ஆள் இல்லை. எனக்கு இருந்தார்கள். நான்தான் கேட்கவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியவை

மறுவாரம் மைலோ டின்னோடு கிளினிக்குக்குப் போய் 32 மாத்திரைகளையும் ஒப்படைத்தேன். மருத்துவரிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு பல்லையும் எடுத்து, ஈறு ஆறிய பிறகே மருந்தைத் தொடங்கினேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், மருந்து எழுதிக் கொடுக்கும்போது இவற்றைக் கேளுங்கள்:

என் எலும்பு அளவு என்ன? மருந்து சாப்பிடாவிட்டால் எனக்கு முறிவு வரும் வாய்ப்பு எவ்வளவு?

என் சிறுநீரகம் இந்த மருந்துக்குத் தாங்குமா? நீரிழிவு உள்ளவர்கள் நம்மில் அதிகம். சிறுநீரகம் மிகவும் பலவீனமாக இருந்தால் இந்த மாத்திரையைக் கொடுக்கமாட்டார்கள்.

பல் வேலை ஏதும் பாக்கி இருக்கிறதா? எந்த வலி வந்தால் உடனே வர வேண்டும்? எத்தனை ஆண்டுக்குப் பின் மறுபடி சோதிப்பீர்கள்?

மாத்திரை ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு என்ன இருக்கிறது? பக்கத்து வீட்டு அக்காவுக்கு நெஞ்செரிச்சல் தாங்கவில்லை. அவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரோனிக் ஆசிட் கொடுத்தார்கள். முதல் தடவை இரண்டு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருந்தன, பிறகு சரியாகிவிட்டது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியும் உண்டு. ஆனால் அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியும் அபாயம் இருக்கிறது. பயம் வந்தால் தேதியைத் தள்ளிப் போடாமல் மருத்துவரிடம் முதலில் பேசுங்கள்.

கேழ்வரகை நான் விட்டுவிடவில்லை. 100 கிராமில் சுமார் 340 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. முள்ளோடு மெல்லும் நெத்திலியும், தயிரும், தௌபூவும் நல்லவைதான். எலும்புக்கு அவை தேவை. ஆனால் ஏற்கெனவே முறிந்த எலும்புக்கு அவை மட்டும் போதாது.

எனக்கும் சோதனை வராமல் இல்லை. மூன்றாம் வாரம் தூக்கக் கலக்கத்தில் மாத்திரையைப் போட்டுவிட்டு மறுபடி படுத்துவிட்டேன். அன்று முழுக்க நெஞ்செரிச்சல். பழைய பயம் எட்டிப் பார்த்தது. இந்த முறை டின்னைத் தேடவில்லை. தொலைபேசியை எடுத்துக் கேட்டேன். "படுத்ததுதான் காரணமா இருக்கும் ஆன்ட்டி. அடுத்த வாரமும் இப்படி இருந்தா உடனே வாங்க" என்றார் அந்தப் பெண். அடுத்த வாரம் எரிச்சல் இல்லை.

அதன் பிறகு கிழமையை ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டேன். காலை ஆறரைக்கு மாத்திரை, ஒரு கிளாஸ் தண்ணீர். பிறகு வாசல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஞாயிறு மலரைப் பிரிக்கிறேன். கடைசிப் பக்கம் வருவதற்குள் அரை மணி நேரம் ஆகிவிடும். அப்புறம் எழுந்துபோய்க் கூழ் கரைக்கிறேன். மைலோ டின்னில் இப்போது கேழ்வரகு மாவு இருக்கிறது.