கழுத்து முறுக்கியபின் மருந்தில்லை

ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு ஊராட்சிகள் திருப்பத்தூர் மாவட்டத்தில் வருகின்றன. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த ஊர்களில் சாமையும் புளியும் பருவத்துக்குத்தான் காசு தரும். கோழியை எந்த நாளிலும் விற்கலாம். பஸ் செலவு, பிள்ளைக்கு நோட்டு, சொல்லாமல் வந்த விருந்தாளி, எல்லாம் கோழி தலையில்தான் விடியும். கோடை தொடங்கும்போது அந்தக் கோழிகள் ஊரோடு செத்து விழுந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது வெள்ளைக்கழிச்சலை. மருத்துவர்கள் இதை ராணிக்கெட் நோய் என்பார்கள். 1920களின் பிற்பகுதியில் இமயமலை ஊரான ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தப் பெயர். உலகின் பிற பகுதிகளில் இதுவே நியூகாசில் நோய்.

முதல் நாள் கோழி இரை எடுக்காது. இறக்கையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி ஓரமாக நிற்கும். அடுத்து வாயைத் திறந்து மூச்சு வாங்கும்; எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராய்ப் போகும். பிழைத்துக் கிடக்கும் சில கோழிகளுக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும், காலோ இறக்கையோ விழுந்துவிடும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல்கூடச் சாகலாம். செத்த கோழியைக் கால்நடை மருத்துவர் அறுத்துப் பார்த்தால், கல்லீரலையோ குடலையோ விட முன் இரைப்பையைத்தான் முதலில் பிரிப்பார். அதன் உள்சுவரில் குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் தெரிந்தால் சந்தேகம் வலுத்துவிடும்.

இது வைரஸ் நோய். மருந்துக்கடையில் வாங்கிய கேப்ஸ்யூலைப் பிரித்துப் பாதியை வாயில் போடுவது நம் ஊர் வழக்கம். அதனால் இந்த வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. சீரகம், மிளகு, பூண்டு, கீழாநெல்லி அரைத்த உருண்டையைக் கொடுப்பதில் தவறில்லை, கோழிக்குக் கொஞ்சம் தெம்பு வரலாம். ஆனால் அதை நம்பித் தடுப்பூசியை விட்டவர்கள் கூண்டைக் காலி செய்துதான் பார்த்திருக்கிறார்கள்.

எல்லாக் கழிச்சலும் வெள்ளைக்கழிச்சல் அல்ல, கைவிட வேண்டியதும் அல்ல. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல். ஈரத் தரையில் பெருகும் ஒட்டுண்ணியால் வருவது. ஆம்ப்ரோலியத்தைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, தரையைக் காய வைத்தால் காப்பாற்றலாம். இன்னொன்று உண்ணிக்காய்ச்சல். பச்சை எச்சம், கால் விழுதல் என்று அப்படியே வெள்ளைக்கழிச்சல் மாதிரி இருக்கும். ராத்திரி டார்ச் எடுத்துக் கூண்டின் மரச் சந்துகளைப் பாருங்கள். பகலில் பதுங்கி இரவில் ரத்தம் குடிக்கும் உண்ணி அங்கே இருந்தால் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நோய் பென்சிலினுக்குக் கேட்கும்.

கொண்டையிலும் தாடியிலும் கொப்புளம் வந்து பொருக்குத் தட்டினால் அம்மை. கொசுவால் பரவும். வேப்பெண்ணெயும் மஞ்சளும் தடவலாம். பொருக்கு பொதுவாக மூன்று நான்கு வாரத்தில் உதிரும். கண் மூடிக்கொண்ட கோழிக்குக் கையால் ஊட்டாவிட்டால் அம்மையில் சாகாமல் பட்டினியில் சாகும். முகம் வீங்கி மூக்கில் நாற்றமடிக்கும் சளி வேறு நோய், அதற்கு மருத்துவர் சொல்லும் ஆன்டிபயாடிக் உண்டு.

வெள்ளைக்கழிச்சலுக்கு மட்டும் வருமுன் காப்பதே வழி. தமிழ்நாட்டில் பிப்ரவரியில் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடப்பது வழக்கம், ஊசி இலவசம். கோடைக்கு முன் எதிர்ப்புச் சக்தி வர வேண்டும் என்பதே கணக்கு. எட்டு வாரம் தாண்டிய கோழிக்கு இறக்கைத் தோலுக்கடியில் அரை மில்லி. குஞ்சுகளுக்கு அந்த ஊசி ஆகாது. முதல் வாரக் கடைசியில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு, நாலாம் வாரத்தையொட்டி மறுபடி ஒரு சொட்டு.

மலையில் சிக்கல் வேறு. கரைத்த மருந்தை ஐஸில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். ஒரு குப்பி பெரும்பாலும் நூறு கோழிக்கானது. வீட்டுக்கு ஐந்தாறு கோழி, வீடுகளோ கொல்லைக்கொரு பக்கம். பத்து மணிக்கு ஊழியர் வந்தால் கோழிகள் புதரில் மேய்ந்துகொண்டிருக்கும். எத்தனை வீடுகளில், எத்தனை கோழிகள் என்று ஊர்க்காரர்கள் முன்கூட்டியே சொல்லி, விடிகாலையில் பஞ்சாரத்தைத் தூக்காமல் வைத்திருந்தால் பாதிச் சிக்கல் தீரும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீவனத்தோடு தின்னக் கொடுக்கும் குருணை வடிவத் தடுப்பு மருந்தை உருவாக்கியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் உருவான வெப்பம் தாங்கும் ஐ-2 சொட்டுமருந்தை மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் பயன்படுத்துகிறார்கள். புதூர்நாடு போன்ற இடங்களுக்குத்தான் இவை முதலில் போய்ச் சேர வேண்டும்.

நோய் கண்டதும் மிச்சக் கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறோம். பணமுடையில் செய்வதுதான், ஆனால் அடுத்த ஊருக்கு நோய் போவது அப்படித்தான். செத்ததை ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள், இறகையும் குடலையும் ஓடையில் வீச வேண்டாம். சந்தையில் வாங்கிய கோழியை மூன்று வாரம் தனியே கட்டி வையுங்கள். ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால் பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம்: அறுக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள், 1962-ஐ அழையுங்கள்.