பதிவைத் தொடாமல் பதிவை மாற்றுவது

வேர்ட்பிரஸ் தளத்தில் ஒரு பதிவு எழுதும்போது வேர்ட்பிரஸ் என்ற பெயரையே ஆங்கிலத்தில், நடுவில் வரும் ‘பி’யைச் சின்ன எழுத்தாகத் தட்டிப் பாருங்கள். பக்கத்தில் அது பெரிய எழுத்தாகவே தெரியும். தரவுத்தளத்திலோ நீங்கள் தட்டிய சின்ன ‘பி’ அப்படியே இருக்கும். 2010-இல் வந்த 3.0 பதிப்பில் சேர்ந்த ‘கேப்பிடல் பி டாங்கிட்’ என்ற குட்டி ஃபங்ஷனின் வேலை இது. வந்த புதிதில் இணைப்பு முகவரிகளுக்குள்ளும் புகுந்து திருத்தி, வாங்கிக் கட்டிக்கொண்டது.

இது தொங்கிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பெயர் ஹூக். பதிவு பக்கமாக உருவாகும் வழியில் வேர்ட்பிரஸ் ஆங்காங்கே நின்று, ‘இங்கே யாருக்காவது வேலை உண்டா?’ என்று கேட்கும். நம் நிரலைப் பெயர் கொடுத்து அங்கே மாட்டிவிடலாம். மூல நிரலிலேயே கைவைத்தால் அடுத்த அப்டேட்டில் எல்லாம் போய்விடும், மாட்டியது போகாது. 2004-இல் 1.2 பதிப்போடு, இப்படி மாட்டும் துணை நிரல்களான பிளக்இன்கள் வந்ததே இந்த ஏற்பாட்டால்தான்.

ஹூக்கில் இரண்டு வகை. ஆக்‌ஷன், ‘இது நடந்தது’ என்று தகவல் மட்டும் சொல்லும். ஃபில்டர் ஒரு மதிப்பைக் கையில் கொடுக்கும்; திருத்தியோ திருத்தாமலோ அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். ‘தி கன்டென்ட்’ ஃபில்டரில் கடைசி ‘ரிட்டர்ன்’ வரியை மறந்தால், தலைப்பு மட்டும் நிற்க, கட்டுரை முழுதும் காணாமல் போகும். புதியவர்கள் தளமே போய்விட்டதென்று பதறுவார்கள். தரவுத்தளத்தில் ஒரு எழுத்தும் குறைந்திருக்காது.

பல நிரல்கள் ஒரே ஹூக்கில் தொங்கினால் முன்னுரிமை எண் வரிசையைத் தீர்மானிக்கும். எதுவும் சொல்லாவிட்டால் 10; சின்ன எண் முதலில் ஓடும்.

காட்டும்போது மாற்றுவதா, சேமிக்கும்போதா? எழுத்துத் திருத்தம் போன்றவற்றுக்கு முன்னதுதான் நல்லது என்பேன். பிடிக்காவிட்டால் பிளக்இன்னை நிறுத்தினால் போதும், மூலம் பத்திரம். ஆனால் வேர்ட்பிரஸ்ஸின் தேடல் தரவுத்தளத்தைத்தான் துழாவும். காட்டும்போது ஒட்டிய சொல் அதற்கு அகப்படாது. வெற்றுத் தலைப்பை நிரப்புவது போன்ற வேலையைச் சேமிக்கும்போதே முடிக்க வேண்டும்.

அதற்குப் பலரும் ‘சேவ் போஸ்ட்’ ஆக்‌ஷனைப் பிடிப்பார்கள். சேமித்து முடிந்தபின் வருவது அது. அதற்குள்ளிருந்து பதிவை மறுபடி சேமித்தால் அதே ஆக்‌ஷன் மறுபடி கிளம்பும், அது மறுபடி சேமிக்கும். சர்வர் மூச்சு வாங்கி நிற்கும். நம் நிரலைக் கழற்றிவிட்டுச் சேமித்து, திரும்ப மாட்டுவது ஒரு வழி. ‘டபிள்யூபி இன்சர்ட் போஸ்ட் டேட்டா’ ஃபில்டரோ தரவுத்தளத்துக்குப் போகும் முன்பே தலைப்பையும் உள்ளடக்கத்தையும் கையில் தந்துவிடும். இரண்டாம் முறை சேமிக்கும் வேலையே இல்லை.