தோட்ட விளக்கும் காவல் விளக்கும்

பள்ளி வளாகங்களிலும் விதைக் கிடங்குகளிலும் வாயிலருகே சிறு தோட்ட விளக்கொன்று எரிவது வழக்கம். நடைபாதையைக் காட்ட அது போதும். களவைத் தடுக்கப் போதாதெனக் கருதி, அவ்விடத்தில் ‘பிளட்லைட்’ எனும் பெருவிளக்கைப் பொருத்த முற்படுவோர் பலர். எளியதாகத் தோன்றும் இம்மாற்றத்தைச் செய்யுமுன் மூன்று வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். எவ்வளவு ஒளி தேவை? பழைய மின்னிணைப்பு புதிய விளக்குக்கு ஏற்றதா? ஒளி எத்திசையில் விழ வேண்டும்?

வாட் என்பது விளக்கு உட்கொள்ளும் மின்திறனையே குறிக்கும். அது உமிழும் ஒளியை லூமென் என்னும் அலகால் அளப்பர். 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஏறத்தாழ 900 லூமெனும், 50 வாட் பெருவிளக்கு ஏறத்தாழ 5,000 லூமெனும் தரும். எனினும், தொலைவு இருமடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகவும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்றாகவும் குறையும். 4 மீட்டரில் 36 லக்ஸ் கிடைப்பின், அதே திசையில் 12 மீட்டரில் 4 லக்ஸே கிடைக்கும். ஆகவே ஒரே பெருவிளக்கைவிட, இரு மூலைகளில் அமைத்த இரு நடுத்தர விளக்குகள் மேலானவை. அட்டையொன்றில் சதுரத் துளையிட்டுச் சிறு விளக்கின் முன் நிறுத்தி, திரையை இருமடங்கு தொலைவுக்கு நகர்த்தினால், ஒளிச்சதுரத்தின் பரப்பு நான்கு மடங்காவதை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம்.

இனி, மின்னிணைப்பைக் காண்போம். 230 வோல்ட்டில் 50 வாட் விளக்கு கால் ஆம்பியருக்கும் குறைவான மின்னோட்டத்தையே ஏற்கும். ஆதலால் நல்ல நிலையிலுள்ள கம்பி சூடேறுமென்ற அச்சம் வேண்டா. உண்மையான இடர்கள் வேறு. சில தோட்ட விளக்குகள் டிரான்ஸ்பார்மர் வழியாக 12 வோல்ட்டில் இயங்குவன. அக்கம்பியில் 230 வோல்ட் மின்சாரத்தைச் செலுத்துதல் ஆகாது. வேறு சிலவற்றில் இரு கம்பிகளே உண்டு. எர்த் கம்பி இராது. உலோகக் கூடுடைய பெருவிளக்கை அவ்வாறே இணைத்தால், உள்ளே காப்பு பழுதுறுங்கால் கூடு முழுவதும் மின்னேறி நிற்கும். மழை நாளில் ஈரக் கம்பத்தைத் தொடும் சிறுவனின் உயிருக்கு அது போதும். உடல்வழிப் பாயும் சிறு மின்னோட்டத்தால் பியூஸ் உருகாது. 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கசிவை உணர்ந்து விரைவில் மின்சாரத்தைத் துண்டிக்கும். எனினும் அது எர்த் கம்பிக்கு மாற்றன்று, துணையேயாகும். சுவிட்ச், பேஸ் கம்பியைத் துண்டிப்பதாக அமைதல் வேண்டும்.

வெளியில் வைக்கும் விளக்கு ‘ஐ.பி. 65’ தரத்ததாக இருத்தல் நன்று. முதல் இலக்கம் தூசு உட்புகாமையையும், இரண்டாவது நீர்ப்பீச்சலைத் தாங்குதலையும் குறிக்கும். இணைப்புப் பெட்டியும் அத்தகையதாக இருந்து, கம்பி அதனுள் கீழிருந்து நுழைதல் வேண்டும். மெயினை அணைத்த பின்னர், உரிமம் பெற்ற மின்பணியாளரே இவ்வேலையைச் செய்யத்தக்கவர்.

மிகுந்த ஒளி மிகுந்த காவல் அன்று. கிடையாகத் திருப்பிய விளக்கு காவலாளியின் கண்ணையே கூசச் செய்யும். அதன் பின்னுள்ள இருளில் நிற்பவனை அவர் காண இயலாது. இருளுக்குக் கண் முற்றும் பழக அரைமணி நேரமளவு ஆகும். ஆகவே ஒளி வளாகத்திற்குள்ளேயே விழுமாறு விளக்கைக் கீழ்நோக்கித் திருப்புக. அண்டை வீட்டாருக்கும் அதனால் தொல்லையிராது.

நாள்தோறும் 12 மணி நேரம் எரியும் 50 வாட் விளக்கு ஆண்டுக்கு 219 யூனிட் செலவிடும். அசைவை உணரும் கருவியைச் சேர்த்தால் இது பெரிதும் குறையும். உடல் வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களைக் கொண்டே அது இயங்குகிறது. நேரே வருவோரைவிடக் குறுக்கே கடப்போரை எளிதில் உணருமாதலால், பாதைக்குப் பக்கவாட்டில் அதைப் பொருத்துக. சுற்றுப்புற வெப்பம் உடல் வெப்பத்தை நெருங்கும் கோடை இரவுகளில் அதன் உணர்திறன் குறையும். அக்காலத்தில் அதனை மட்டும் நம்பியிராது, சிறிய விளக்கொன்றை இரவு முழுதும் எரியவிடுதல் அறிவுடைமையாகும்.