சரிவில் நிற்கும் மரத்துக்குக் கூலி கொடுப்பது யார்?

2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு எமது நாட்டு மக்கள் ஐந்து நிமிட நேரம் தத்தம் வளவுகளில் நின்று விலங்குகளை எண்ணினார்கள். குரங்கு, மந்தி, மலையணில், மயில் என்று வந்தவற்றை அரசாங்கம் கொடுத்த படிவத்தில் குறித்தார்கள். பயிரை அழிக்கும் விலங்குகள் எத்தனை என்று அறிவதே அதன் நோக்கம். ஐந்து நிமிடக் கணக்கைப் பற்றிப் பலர் பகிடி பண்ணினார்கள். ஆனால் கண்டிப் பகுதிக் கமக்காரருக்கு இது பகிடியான விடயமன்று. தேங்காய் குரும்பையாக இருக்கும்போதே குரங்கு பறித்து எறிகிறது. மரவள்ளியைப் பன்றியும் முள்ளம்பன்றியும் இரவோடிரவாகக் கிளறிவிடுகின்றன.

வன விலங்குகளைக் காப்பாற்ற வேண்டும் என்று நாடு சொல்கிறது. அவற்றுக்குத் தீனி போடும் செலவோ மலைச்சரிவில் ஓர் ஏக்கரும் இல்லாத குடும்பத்தின் தலையில் விழுகிறது. இந்தச் செலவைப் பொதுமக்களும் பகிர்ந்துகொள்ள வேண்டாமா? பிற நாடுகளில் அப்படிப் பகிர்ந்துகொள்கிறார்களா? இடம்பெயர்ந்து வந்து, கையில் உறுதிப்பத்திரம் இல்லாமல் பயிர் செய்யும் எமக்கு இதில் இடம் உண்டா? இவற்றை இக்கட்டுரையில் பார்ப்போம்.

கண்டி வீட்டுத்தோட்டம்

கண்டியைச் சுற்றியுள்ள வீட்டுத்தோட்டங்கள் உலகத்தில் பேர்பெற்றவை. உயரத்தில் தென்னை, கித்துள், பலா, அவற்றின் கீழே கிராம்பு, சாதிக்காய், ஈரப்பலா, அதற்கும் கீழே கோப்பி, வாழை, தாங்குமரத்தில் மிளகுக்கொடி, நிலத்தில் இஞ்சி, மஞ்சள், கிழங்கு வகைகள் என்று காட்டைப் போலவே அடுக்கடுக்காக அமைந்த தோட்டம் இது. பல ஆண்டுகளாக இந்நாட்டின் மர ஆலைகளுக்குச் சென்ற மரத்தில் 40 விழுக்காட்டுக்கு மேல் வீட்டுத்தோட்டங்களிலிருந்தே கிடைத்தது என 1995ஆம் ஆண்டின் வனத்துறைப் பெருந்திட்டம் கணித்தது.

இத்தோட்டம் மனிதருக்கு மட்டும் உரியதன்று. குக்குறுவானும் மைனாவும் பழத்தைத் தின்று விதையைப் பரப்புகின்றன. கித்துள் விதையைத் தூர இடங்களுக்குக் கொண்டுபோவது மரநாய். டுரியான் பூவில் மகரந்தச் சேர்க்கை நடப்பது பெரும்பாலும் வௌவாலினால். எலியைச் சாரைப்பாம்பும் ஆந்தையும் பிடிக்கின்றன. கண்டி நகருக்குள்ளே 1938இல் சரணாலயமாக்கப்பட்ட உடவத்தகலை போன்ற சிறு காடுகள் தனித்தனித் தீவுகளாக நிற்கின்றன. அவற்றுக்கு இடையே பறவைகளும் சிறு விலங்குகளும் போய்வரும் பாதையாக இருப்பவை இந்த வளவுகளே. தோட்டத்து மரங்களை வெட்டினால் அந்தப் பாதை அறுந்துவிடும். குரங்கு எமது கூரைக்கு வருவதற்கும் அதன் உணவு மரங்கள் குறைந்தது ஒரு காரணமாகும்.

மேலே மரம், கீழே மின்சாரம்

1840ஆம் ஆண்டின் காணிச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காட்டு நிலங்களை முடிக்குரியவையாகக் கருத வழிசெய்தது. அவை கோப்பித் தோட்டங்களாக மாறின. 1869இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை வந்தது. காடு மூடியிருந்த சரிவுகள் இவ்வாறு வெறுமையாகி, மேல்மண் மகாவலி ஆற்றில் இறங்கத் தொடங்கிற்று.

அதே ஆற்றிலேதான் 1976இல் பொல்கொல்ல அணையும், 1985இல் கொத்மலை, விக்டோரியா அணைகளும் இயங்கத் தொடங்கின. விக்டோரியாவின் 210 மெகாவாட் நிலையம் இந்நாட்டின் மிகப் பெரிய நீர்மின் நிலையமாகும். கண்டி நகரத்தார் குடிப்பதும் மகாவலி நீரே. பொல்கொல்லவிலிருந்து சுரங்க வழியாகத் திருப்பப்படும் நீர் வடக்கே வயல்களுக்குப் போகிறது. சரிவில் மண் கரைந்தால் நீர்த்தேக்கத்தில் வண்டல் படியும். வண்டல் படிந்தால் நீர் குறையும். நீர் குறைந்தால் கொழும்பில் எரியும் விளக்குக்கும் கலாவெவ வயலுக்கும் குறை வரும்.

ஆகவே கலஹாவிலோ ஹங்குரன்கெத்தவிலோ ஒரு கமக்காரர் சரிவில் மரத்தை நிறுத்திவைத்தால் அதன் பயனைப் பெறுபவர் அவர் மட்டும் அல்லர். அவர் பொதுமக்களுக்காக வேலை செய்கிறார். வேலைக்குக் கூலி உண்டு. இங்கு கேட்பது தருமம் அன்று.

கட்டளை உண்டு, கூலி?

1951ஆம் ஆண்டு இந்நாட்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று மண் பாதுகாப்புச் சட்டம். அரிப்புக்கு உள்ளாகும் பகுதி எனப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் எப்படிப் பயிர் செய்ய வேண்டும் என்று அது கட்டளையிட முடியும். 1996இல் அது திருத்தப்பட்டது. மற்றது மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். இதனால்தான் சொந்த வளவில் நிற்கும் பலாவையும் ஈரப்பலாவையும் வெட்ட அனுமதி கேட்கிறோம்.

இரண்டும் நல்ல சட்டங்களே. ஆனால் இரண்டும் முதலில் "செய்யாதே" என்று சொல்பவை. மரத்தைக் காத்தவருக்கு என்ன கொடுப்பது என்பதை அவை பெரிதாகப் பேசவில்லை. கட்டளையால் மட்டும் நிலத்தைத் திருத்த முடியாது என்பதை 2021இல் அனுபவித்தோம். அவ்வாண்டு சித்திரையில் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. மாற்று ஏற்பாடோ போதிய உதவியோ இல்லாததால் விளைச்சல் வீழ்ந்தது. கார்த்திகையில் தடை நீக்கப்பட்டது. நோக்கம் நல்லதாக இருந்தாலும், சுமை முழுவதும் கமக்காரர் தோளில் வைக்கப்பட்டால் அது நிலைக்காது.

கண்டி மரத்தோட்டத்துக்கு ஓரளவு கைகொடுப்பது ஏற்றுமதி விவசாயத் திணைக்களம். 1972இல் தொடங்கிய இத்திணைக்களம் மிளகு, கிராம்பு, சாதிக்காய், கோப்பி, கறுவா முதலியவற்றுக்கு நாற்றும் மானியமும் அறிவுரையும் வழங்கி வந்துள்ளது. மானியம் பயிருக்கே, பறவைக்கோ மண்ணுக்கோ அன்று. ஆயினும் வெறும் சரிவில் மிளகும் தாங்குமரமும் எழும்பும்போது மண்ணும் பறவையும் சேர்ந்தே பயன் பெறுகின்றன.

பிற நாடுகளின் அனுபவம்

அமெரிக்காவில் 1985ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தின்கீழ் ஒரு திட்டம் தொடங்கிற்று. அரிப்புக்கு உள்ளாகும் நிலத்தில் உழவை நிறுத்தி, புல்லும் மரமும் வளரவிடும் விவசாயிக்குப் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை அரசு வருடாந்தக் குத்தகை கொடுக்கிறது. 2007 அளவில் 3 கோடி 60 இலட்சம் ஏக்கருக்கு மேல் இதில் சேர்ந்திருந்தது. புல்வெளிப் பறவைகளும் வாத்துகளும் பெருகின. விவசாயிக்கு நிலையான வருமானம், நகரத்தாருக்குத் தெளிந்த ஆறு, பறவை விரும்பிகளுக்குப் பறவை என எல்லாருக்கும் ஒரு பங்கு கிடைத்ததால் பொதுமக்களின் ஆதரவும் கிடைத்தது. ஆனால் தானிய விலை ஏறியபோது பலர் ஒப்பந்தம் முடிந்ததும் நிலத்தை மீண்டும் உழுதார்கள். விலைவாசிக்கேற்ப உயராத கூலி நிலைக்காது என்பது இதிலுள்ள பாடம்.

எமக்கு இன்னும் கிட்டிய உதாரணம் கொஸ்தாரிக்கா என்னும் சிறிய நாடு. அங்கு 1997 முதல் காட்டைக் காப்பவருக்கும் மரம் நடுபவருக்கும் அரசு பணம் கொடுக்கிறது. அதில் ஒரு பகுதி எரிபொருள் மீதான வரியிலிருந்து வருகிறது. அதாவது வாகனம் ஓட்டுபவர் மரம் காப்பவருக்குக் கொடுக்கிறார். ஆரம்பத்தில் அத்திட்டம் காணி உறுதி உள்ளவர்களுக்கே கிடைத்ததால் ஏழைகள் வெளியில் நின்றார்கள். பின்னர், உறுதி இல்லாமல் நிலத்தை நெடுங்காலம் ஆண்டுவருபவர்களும் சேர வழி திறக்கப்பட்டது.

உறுதி இல்லாதவர் எங்கே போவது?

எமது வாசகர்கள் பலரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. விக்டோரியா நீர்த்தேக்கத்தில் பழைய தெல்தெனிய நகரமும் வயல்களும் மூழ்கின. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தின்போது தோட்டங்கள் கைமாற, லயங்களில் இருந்த குடும்பங்கள் பல வெளியேற நேர்ந்தது. 1977லும் 1983லும் வன்செயலால் ஓடினோம். 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலின் மழை மலைநாடெங்கும் மண்சரிவைக் கொண்டுவந்தபோது, கண்டி மாவட்டத்தில் உயிர்களும் வீடுகளும் காணிகளும் சேர்ந்தே போயின.

இடம்பெயர்ந்தவர் பயிரிடும் நிலம் பெரும்பாலும் பிறர் விடும் நிலம்: மிகச் செங்குத்தான சரிவு, ஓடைக்கரை, கைவிட்ட தேயிலை. அதாவது நாட்டுக்கு மிகவும் பாதுகாப்புத் தேவைப்படும் நிலம் உறுதியற்றவர் கையில் இருக்கிறது. மானியமோ உறுதி உள்ளவருக்கே எளிதில் போகிறது. மிளகு காய்க்க மூன்று நான்கு ஆண்டுகள் வேண்டும். பலா காய்க்க அதைவிடக் காலம் வேண்டும். நாளை எழும்பச் சொல்வார்களோ என்று அஞ்சுபவர் மூன்று மாதத்தில் விளையும் மரக்கறியையே நடுவார். நிலைக்காத உரிமை மண்ணையும் நிலைக்க விடாது.

ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் பாதுகாப்பு உதவி நாற்றன்று, காணி அனுமதிப்பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச காணிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் வழி நெடுங்காலமாக உண்டு. மரத்தைக் காப்பது என்ற நிபந்தனையோடு அதைத் தந்தால் அரசுக்கும் நட்டமில்லை.

இப்போதே செய்யக்கூடியவை

முதலாவது, நிலத்தை அறிதல். வெடிப்பு விட்ட, ஊற்று புதிதாகக் கிளம்பிய, மரங்கள் சாய்ந்த சரிவில் குடியிருக்க வேண்டாம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைப் பிரதேச செயலகம் மூலம் கேளுங்கள். வேலியும் மரமும் மேல்மண் கரைவதைத் தடுக்கும். ஆழத்திலிருந்து மலையே சரிவதை அவை தடுக்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

இரண்டாவது, சமவுயர வேலி. பிலிப்பைன்சின் மிண்டனாவோ தீவில் பப்திஸ்து சபையாரின் கிராமிய வாழ்வு நிலையம் 1970களில் ஏழைச் சரிவு விவசாயிகளுக்காக இம்முறையை வளர்த்தெடுத்தது. மூன்று தடிகளை 'ஏ' எழுத்துப்போலக் கட்டி, உச்சியில் கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் சம உயரக் கோட்டைக் கண்டுபிடிக்கலாம். அக்கோட்டில் கிளிரிசீடியாவை இரட்டை வரிசையாக நெருக்கி நட்டு, நாலைந்து மீற்றர் கீழே அடுத்த வேலியை அமையுங்கள். இடையில் பயிர் செய்து, வெட்டும் தழையை அப்பயிருக்கே பசளையாக இடுங்கள். காலப்போக்கில் படிக்கட்டுப்போல் மண் தங்கும். ஓடைக்கரையை மட்டும் உழாமல் விடுங்கள்; நீர்வாழ் உயிரும் பறவையும் அங்கே தங்கும்.

மூன்றாவது, கணக்கு. ஒரு கொப்பியில் எந்த நாள் எந்த விலங்கு வந்தது, என்ன சேதம், எத்தனை மரம் நட்டோம், எத்தனை நிற்கின்றன என்று எழுதிவையுங்கள். ஐந்து நிமிடக் கணக்கைவிட ஓர் ஆண்டுக் கணக்கு அதிகாரிகள் முன் பலமாகப் பேசும்.

நான்காவது, கூட்டாகப் போதல். தனியாகப் போகும் ஏழையை நாளை வரச் சொல்வார்கள். கமநல சேவை நிலையத்தில் பதியப்பட்ட கமக்காரர் அமைப்பில் சேருங்கள், பெண்களும் அங்கத்தவராகுங்கள். குடிநீருக்கு இதே ஆற்றை நம்பும் நகரத்துப் பங்கு மக்களையும் உங்கள் சரிவைப் பார்க்க அழைத்து வாருங்கள். பொதுமக்களின் ஆதரவு இப்படித்தான் உண்டாகும்.

ஏழாம் ஆண்டு நிலம்

விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்தை உழாமல் விடும்படி சொல்கிறது. அதில் விளைவதை முதலில் ஏழைகள் உண்பர். அவர்கள் விட்டதைக் காட்டு விலங்குகள் உண்ணும். ஏழையையும் விலங்கையும் எதிரெதிரே நிறுத்தாமல் ஒரே நிலத்தில் ஒரே கட்டளையில் அது சேர்த்து வைத்திருக்கிறது. ஏழையைப் பட்டினி போட்டுவிட்டு விலங்கைக் காப்பதும், விலங்கை அழித்து ஏழைக்கு வழி காட்டுவதும் அக்கட்டளைக்கு ஏற்றவையல்ல. சரிவில் பலாவை நிறுத்திவைக்கும் குடும்பத்துக்கு நாடு தன் பங்கைக் கொடுக்கும்வரை அதை உரக்கக் கேட்பது எமது கடமையாகும்.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் எந்த மரங்களை, எதற்காக வெட்டினோம்? வெட்டாமல் இருக்க என்ன உதவி தேவைப்பட்டது?
2. எமது சரிவிலிருந்து இறங்கும் நீரை யார் யார் பயன்படுத்துகிறார்கள்?
3. காணிப் பத்திரம் இல்லாத குடும்பங்கள் எத்தனை? அவர்களுக்காக யாரிடம், எப்போது சேர்ந்து போவோம்?